ஓனர் வரியையும் நானே கட்டணுமா?

கடை வாடகை மாதம் 60,000 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 10,800 ரூபாய். வாடகை வாங்குகிறவர் கட்ட வேண்டிய வரி இது. கட்டிக்கொண்டிருப்பவன் நான், திருச்சியில் ஓட்டல் நடத்துகிற வாடகைக்காரன்.

எங்கள் ஓனரின் வரவு ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டவில்லை. அதனால் அவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. நியாயம்தான், சின்ன வரவுக்காரரைத் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத ஓனரிடம் பதிவு உள்ளவன் கடை எடுத்திருந்தால் அந்த வரியை வாடகைக்காரனே கட்ட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜ் என்று பெயர். அவருக்குக் கருணை காட்டினீர்கள், சரி. அதன் செலவை என் கல்லாவிலிருந்து எடுக்க யாரைக் கேட்டீர்கள்?

துணிக்கடைக்காரர் இதே வரியைக் கட்டினால் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். ஓட்டல்காரனுக்கு அந்தக் கதவை 2017 நவம்பரிலேயே சாத்திவிட்டார்கள். சாப்பாட்டுக்கு 5 சதவீதம் வாங்கிக் கட்டு, இன்புட் வரிக் கழிவு என்று எதையும் கேட்காதே என்பதுதான் எங்களுக்கான விதி. ஆக, வருடத்துக்கு 1,29,600 ரூபாய் போன இடம் தெரியாமல் போகிறது. என்னிடம் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் ஆண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம். இட்லிக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் வாடிக்கைக்காரர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். நான் எங்கே போவேன்?

விற்பனையில் ஒரு சதவீதக் கணக்கில் மொத்தமாக வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு வியாபாரிகள் இதே வேதனையைச் சொன்னார்கள். 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் அவர்களை விடுவிக்கச் சொன்னது. 2025 ஜனவரி 16 முதல் அவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. சந்தோஷம். ஆனால் காம்போசிஷனில் இருக்கும் ஓட்டலும் 5 சதவீதம்தான் கட்டுகிறது, அதற்கும் இன்புட் கிடையாது. எனக்கும் அப்படியே. என் விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டதால் நான் அந்தத் திட்டத்தில் சேர முடியாது, அதுதான் ஒரே வித்தியாசம். அந்த ஒன்றரைக் கோடியில் அரிசி, எண்ணெய், காய்கறி, சிலிண்டர், கூலி எல்லாம் அடங்கியிருக்கிறது ஐயா! அது என் வீட்டுக்கு வந்த பணமா?

இதோடு டிடிஎஸ். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால், வாடகையில் 30 சதவீதத்தை என் செலவாகவே கணக்கில் ஏற்க மாட்டார்கள்; வட்டி வேறு. ஓனரிடம் போய்ச் சொன்னேன். “அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. மாசம் பொறந்தா அறுபதாயிரம் முழுசா என் கையில இருக்கணும்” என்றார். அந்த 6,000-ஐயும் நானே போட்டுக் கட்டுகிறேன். அது அவர் பான் எண்ணில் வரவாகிறது. கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்ட் வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்குத்தான். என் காசு, அவருக்கு ரீஃபண்ட்.

எதிர்த்துப் பேசு என்பீர்கள். எதை வைத்துப் பேச? 11 மாத ஒப்பந்தம் முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. புதுப்பித்துத் தாருங்கள் அண்ணே என்று கேட்கும்போதெல்லாம், “நமக்குள்ள எதுக்குப்பா பத்திரம்” என்கிறார். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம் என்கிறது. அதே சட்டத்தில், வாடகைக்காரனை வெளியேற்றுவதற்கான காரணங்களில் முதலாவதாக இருப்பது என்ன தெரியுமா? இருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை என்பதுதான்! கையெழுத்துப் போட மறுப்பவர் அவர், அதற்காகத் தெருவுக்கு வர வேண்டியவன் நான். மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர என்று உடனே ஒரு வழியும் விடுகிறது. பத்து மாத அட்வான்ஸ் கொடுக்காமல் இந்த ஊரில் எவனாவது சாவியை நீட்டுவானா?

அடுப்படிக்குப் புகைபோக்கி, தரைக்கு டைல்ஸ், காஸ் லைன் எல்லாம் என் செலவு. நாளைக்குக் காலி பண்ணு என்றால் எதைப் பெயர்த்துக்கொண்டு போவேன்? வரி வசூலிக்க வரும்போது நான் வாடகைக்காரன் என்பதற்கு ஆதாரம் தேவைப்படவில்லை. பாதுகாப்புக் கேட்டுப் போனால்தான் பத்திரம் எங்கே என்கிறார்கள்.

கவுன்சில் கூட்டத்துக்குப் போகும் தமிழ்நாட்டு நிதி அமைச்சருக்கு ஒரு வேண்டுகோள். காம்போசிஷன் வியாபாரிக்குக் கொடுத்த விலக்கை, இன்புட் இல்லாமல் 5 சதவீதம் கட்டும் ஓட்டல்களுக்கும் கேட்டு வாங்கித் தாருங்கள். வாடகைச் சட்டமோ நம் சட்டசபை இயற்றியது, டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. ஓனர் கையெழுத்துப் போட மறுத்த இடத்தில், ஒப்பந்தம் இல்லை என்பதை வெளியேற்றக் காரணமாக்கக் கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.