வயலுக்கு வரட்டும் ஃபேஜ்

வடகிழக்குப் பருவமழையும் காற்றும் அடித்து ஓய்ந்த பிறகு, சம்பா நெல்லின் இலை நுனியில் தோன்றும் மஞ்சள் இரு ஓரங்களிலும் நெளிநெளியாகக் கீழிறங்கத் தொடங்கும். விடியற்காலையில் குனிந்து பார்த்தால் அந்த இலைகளில் பால் நிறத்தில் சிறு துளிகள் நிற்கும், அத்தனையும் பாக்டீரியா. பாக்டீரியா இலைக்கருகல் எனப்படும் இந்த நோய்க்கு மருந்து கேட்டு உரக்கடைக்குப் போகிற விவசாயிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலம். அதில் ஒன்பது பங்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஒரு பங்கு டெட்ராசைக்ளின். காசநோய்க்கு முதன்முதலாகப் பலன் தந்த ஆன்டிபயாட்டிக்கைத்தான் நாம் நெல்லுக்கும் எலுமிச்சைக்கும் தெளித்துக்கொண்டிருக்கிறோம். இதை நிறுத்துவதற்கான வரைவு ஆணையை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. 2024 ஜனவரி முதல் பயன்பாடே கூடாது என்றது அந்த வரைவு. நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் கையில் இருக்கும் மருந்தைப் பறித்துவிட்டு மாற்று எதையும் கொடுக்காத தடை, கள்ளச்சந்தைக்குத்தான் வழிவிடும். பாக்டீரியாவை மட்டுமே தாக்கி அழிக்கும் வைரஸ்களான ஃபேஜ்களை விவசாயிக்குக் கொண்டுசேர்ப்பதை அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

ஆன்டிபயாட்டிக் தெளிப்பு நமக்கு வெகுகாலம் கைகொடுக்காது என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் சாட்சி. அங்கே தக்காளி, மிளகாய் பாக்டீரியா புள்ளிநோய்க்கு 1950களில் ஸ்ட்ரெப்டோமைசின் அடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே கிருமி அதற்குப் பழகிவிட்டது. பிறகு நம்பியிருந்த செம்பு மருந்தும் அதே வழியில் போனது. இதைவிடக் கவலை தருவது, பயிர்நோய்க் கிருமிகளில் காணப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு மரபணுக்கள் மனித நோய்க்கிருமிகளிலும் இருப்பதுதான். பாக்டீரியாக்கள் இவற்றைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்கின்றன; வயலும் மருத்துவமனையும் அவற்றுக்கு வெவ்வேறு உலகமல்ல. இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். சூடோமோனாஸில் விதை நேர்த்தி செய், அசோஸ்பைரில்லம் போடு, பாஸ்போபாக்டீரியா போடு என்று வேளாண் துறை சொல்கிறது. இவை எல்லாமே பாக்டீரியா. ஒரு கையால் அவற்றை வயலில் விட்டுவிட்டு, மறு கையால் நல்லது கெட்டது பார்க்காத மருந்தை அதே வயலில் தெளிக்கிறோம்.

ஃபேஜ் அப்படி அல்ல. தனக்குரிய பாக்டீரியாவின் மேல் ஒட்டி, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தி, அங்கேயே பெருகி, செல்லை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்ததைத் தேடும். பக்கத்தில் இருக்கும் வேறு இனத்தை அது தொடுவதில்லை. இது நேற்று வந்த புதுமையும் அல்ல. 1915இலும் 1917இலும் ஃபேஜ் கண்டறியப்பட்டது. 1924இல், அழுகிய முட்டைக்கோஸிலிருந்து வடித்த நீர் அந்த நோயின் கிருமியையே வளரவிடாமல் தடுத்ததை அமெரிக்காவில் கண்டார்கள். 1935இல் மக்காச்சோள விதையை ஃபேஜில் நேர்த்தி செய்து, 18 சதவீதமாக இருந்த வாடல் நோயை 1.4 சதவீதமாகக் குறைத்துக்காட்டினார்கள். அடுத்த பத்தாண்டில் ஆன்டிபயாட்டிக்குகள் வந்ததும் இந்த ஆராய்ச்சி மூலையில் கிடந்தது. தக்காளி, மிளகாய்க்கான அக்ரிஃபேஜ் என்ற தயாரிப்பை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவு செய்தது 2005இல். சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட முடிவு நமக்கு இன்னும் நெருக்கமானது. தக்காளியின் பாக்டீரியா வாடல் நோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஜ்களைச் சேர்த்து மண்ணில் விட்டபோது, நோய்த்தாக்குதல் 80 சதவீதம் வரை குறைந்தது. செடி பச்சையாக இருக்கும்போதே தலைதொங்கிச் சாகும் இந்த நோய் நம் தக்காளி, கத்தரி விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

வைரஸ் என்ற பெயரைக் கேட்டாலே மக்கள் அஞ்சுவார்கள் என்பது முதல் ஆட்சேபம். கொரோனாவுக்குப் பிறகு இந்த அச்சம் இயல்பானதே. ஆனால் ஃபேஜால் மனித செல்லிலோ பயிரின் செல்லிலோ நுழைந்து பெருக முடியாது. மண்ணிலும் ஆற்றிலும் நம் குடலிலும் அது ஏற்கெனவே கோடிகோடியாக இருக்கிறது. லிஸ்டீரியா கிருமியை ஒழிக்க, சாப்பிடத் தயாரான இறைச்சியின் மேலேயே ஃபேஜ் தெளிக்க அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2006இல் அனுமதி கொடுத்தது. அதைவிட வலுவான பதில் நம்மிடமே இருக்கிறது. பச்சைக்காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் கரைசலைத் தமிழக விவசாயிகள் பல ஆண்டுகளாகத் தெளிக்கிறார்கள். பூச்சியைக் கொல்லும் வைரஸை ஏற்றுக்கொண்டவர்கள், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸுக்கு மட்டும் மறுப்பு சொல்வார்கள் என்று அதிகாரிகள் ஏன் தாங்களாகவே முடிவு கட்ட வேண்டும்?

ஆய்வகத்தில் வேலை செய்வது வயலில் எடுபடாது என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் இலைமேல் இருக்கும் ஃபேஜ் சில மணி நேரத்தில் செயலிழந்துவிடும். செம்பு மருந்தோடு சேர்ந்தாலும் கெட்டுவிடும். முற்றிவிட்ட நோயை அது குணப்படுத்தாது. நோய் தலைகாட்டும்போதே தெளித்தாக வேண்டும். இந்தக் குறைகளை மறைத்து விற்றால் ஒரே பருவத்தில் பெயர் கெட்டுவிடும். ஆனால் வழியில்லாத குறைகள் அல்ல இவை. கொழுப்பு நீக்கிய பால்பொடியும் சர்க்கரையும் கலந்தால் ஃபேஜ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிப்பதை ஃபுளோரிடாவில் நிரூபித்திருக்கிறார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, வெல்லம் கலந்து என்.பி.வி. தெளிக்கும் விவசாயிக்கு இது புதுப் பாடம் அல்ல. வேரைத் தாக்கும் வாடல் நோயிலோ வெயில் பிரச்சினையே பெரிதாக இல்லை. 

எதிர்ப்புத் திறன் உள்ள ரகங்கள் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கலாம். இலைக்கருகலுக்கு எளிதில் இரையாகும் பி.பி.டி. 5204 ரகத்தில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி 2008லேயே வந்துவிட்டது. சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நாற்றும் கிடைக்கிறது. இவை பரவ வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த ரகத்தை நடுவது என்பதை விவசாயி மட்டும் தீர்மானிப்பதில்லை. நெல் வியாபாரியும் அரிசி ஆலையும் சொல்வதும் அதில் சேர்ந்தே இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சிக்கல் வேறு. ஃபேஜுக்கும் பாக்டீரியா எதிர்ப்புத் திறன் பெறும். ஒரு மாவட்டத்துக் கிருமியைக் கொல்லும் ஃபேஜ் அடுத்த மாவட்டத்தில் பலிக்காமலும் போகலாம். எதிர்ப்புப் பெற்ற கிருமி பல நேரங்களில் வீரியத்தை இழக்கிறது என்பதைச் சீன ஆய்வு காட்டியது ஆறுதல்தான் என்றாலும், அதை மட்டும் நம்பி உட்கார முடியாது. ஜார்ஜியா நாட்டின் திபிலீசியில் 1923இல் தொடங்கப்பட்ட எலியாவா நிறுவனம், மனித நோய்களுக்கான தன் ஃபேஜ் கலவைகளை, பரவும் கிருமிக்கு ஏற்றபடி அவ்வப்போது மாற்றிக்கொண்டே வருகிறது. பயிருக்கும் இதே முறைதான் சரி. நாடு முழுவதற்கும் ஒரே புட்டியை விற்க நினைக்கும் நிறுவனத்துக்கு இது கட்டுப்படியாகாது. அந்தந்தப் பகுதிக் கிருமியைச் சேகரித்து, அதற்கான ஃபேஜை அந்த மண்ணிலிருந்தே பிரித்தெடுத்துப் பெருக்க, ஆய்வகமும் களமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையங்களும், வேளாண் துறையின் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களும் பல மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், இதற்குப் பொருத்தமான கை பொதுத்துறையின் கைதான். ‘பயோ’ என்று லேபிள் ஒட்டி எதையோ விற்கும் கடைகளிடம் இதையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது ஊரறிந்த கதை.

அதற்குப் பதிவு விதிகளும் இடம் கொடுக்க வேண்டும். கலவையில் ஒரு ஃபேஜை மாற்றும்போதெல்லாம் புதிய பூச்சிமருந்துபோல முதலிலிருந்து ஆண்டுக்கணக்கில் சோதனை கேட்டால், அனுமதி வருவதற்குள் கிருமி மாறியிருக்கும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவும் கூடாது. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதனுள்ளே தங்கி, நச்சு மரபணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. காலராவின் நச்சே அப்படி ஒரு ஃபேஜ் சுமந்துவந்ததுதான். எனவே செல்லை உடைத்தழிக்கும் வகை மட்டுமே, அதுவும் முழு மரபணுவரிசையைப் படித்துப் பார்த்த பிறகே, வயலுக்குப் போக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்காமல், மற்றதைத் தளர்த்தலாம்.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் காவிரிப் படுகையின் விவசாயிகள் வயல்களிலும் அடுத்த சம்பாவிலேயே சோதனையைத் தொடங்கலாம். எதுவும் அடிக்காத பாத்தி, ஸ்ட்ரெப்டோசைக்ளின் அடித்த பாத்தி, பல்கலைக்கழகமே பரிந்துரைக்கும் பசுஞ்சாணக் கரைசல் அடித்த பாத்தி, ஃபேஜ் அடித்த பாத்தி என நான்கையும் அருகருகே வைக்க வேண்டும். நோயுற்ற இலையை வெட்டித் தெளிந்த நீரில் இட்டால், பாக்டீரியாவாக இருந்தால் நீர் கலங்கும். அந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிறகே எந்த மருந்தையும் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கான செலவையும் மகசூலையும், தோற்ற பாத்திகளின் கணக்கு உட்பட, அறுவடை முடிந்த கையோடு தமிழிலேயே வெளியிட வேண்டும்.