கண்டதைக் காட்டிய செட்டியார்

வேலப்பன்சாவடியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவர் பலரின் கையிலும் இன்று படமெடுக்கும் கருவி உண்டு. எடுத்தது பிடிக்காவிடில் அழித்துவிட்டு, மீண்டும் ஒருமுறை நடந்துவரச் சொல்லியும் எடுக்கலாம். அந்த வசதியே ஆவணப்படத்திற்குப் பகை. நடந்ததை நடந்தபடி காட்டும் கலைக்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை ஏ. கே. செட்டியாரின் பணி உணர்த்தும்.

கோட்டையூரில் 1911இல் பிறந்த அவர், டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றவர். 1937 அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு நிறையவில்லை.

நடிகர் ஒருவருக்கு ஒப்பனையிட்டு அடிகளின் இளமைக்காலத்தைக் காட்டியிருக்கலாம். எளிய வழி அதுவே. செட்டியாரோ உண்மையான காட்சிகளைத் தேடிப் புறப்பட்டார். முப்பது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் படம்பிடித்த சுருள்களை நாடி, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என அலைந்தார். திரட்டியவை ஏறத்தாழ 50,000 அடி. ஓடவிட்டால் ஒன்பது மணி நேரத்திற்கும் மேலாகும். படத்தில் நின்றவை 12,000 அடியே. அரும்பாடுபட்டுத் தேடியவற்றுள் நான்கில் மூன்று பங்கைத் தம் கையாலேயே விலக்கிய துணிவு, தேடிய உழைப்பினும் பெரிது. உலகப்போர் நடந்த 1940 ஆகஸ்டில், ஆங்கிலேயர் ஆட்சியிலேயே, படம் தமிழில் வெளியானது.

படத்தில் விளக்கவுரை உண்டு, பாடலும் உண்டு. அமெரிக்கரான ஃபிரடெரிக் வைஸ்மன் 1967 முதல் விளக்கவுரையும் நேர்காணலும் இன்றி எடுத்த படங்களோடு ஒப்பிட்டால், செட்டியாரை முழுமையான உற்றுநோக்கு ஆவணப்படக் கலைஞர் என்று கூற இயலாதுதான். எனினும் காட்சியைப் புனையாமை, தம்மை முன்னிறுத்தாமை என்னும் இரண்டிலும் அவர் அந்நெறிக்கு முன்னோடியே. பின்னாளில் ‘குமரி மலர்’ இதழை நடத்தியபோதும், பயணநூல்கள் எழுதியபோதும், தம்மைப் பற்றிப் பேசுவதில் அவர் கடுஞ்சிக்கனம் காட்டினார்.

அவ்வடக்கத்தைத் தமிழுலகம் மறதிக்கு வாய்ப்பாக்கிக்கொண்டது. திரைப்பாடல்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்த நாடு, இப்படத்தைப் பேணவில்லை. ஹாலிவுட்டில் 1953இல் உருவான ஆங்கில வடிவம் அமெரிக்காவில் காக்கப்பட்டது. மூலமான தமிழ்ப் படமோ ஆய்வாளர்கள் பல்லாண்டு தேடியும் கைக்கு எட்டாததாயிற்று.