விரல் இருக்கும்வரை கில்லாடி

எங்கள் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பாராட்டுக்கு ஆயுசு எவ்வளவு தெரியுமா? விரல் இருக்கும்வரைதான்.

"அவன் கில்லாடிப்பா" என்று காலையில் தட்டிக்கொடுத்த அதே வாய், சாயங்காலம் "ஓவர் கான்ஃபிடன்ஸ்ல கையை விட்டுட்டான்" என்கிறது. நடுவில் அவன் செய்த வேலை மாறவே இல்லை. பிரஸ் மட்டும் ஒரு தடவை முந்திக்கொண்டது.

தகடு அடிக்கிற பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலேயிருந்து ராம் என்கிற இரும்புக் கட்டை இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் கீழேயிருக்கும் டை அச்சுக்குள் எது போகும்? அதுதான் அதன் சூட்சுமம். முன்பக்கம் சென்சார் வேறு. கை குறுக்கே போனால் மிஷின் நின்றுவிடும். ஆடிட் அன்றைக்கு இதெல்லாம் அருமையாக வேலை செய்யும். மறுநாள் சென்சார் பைபாஸில் போய்விடும், ஒரு பட்டன் டேப்புக்கு அடியில் அமுங்கிக் கிடக்கும். இரண்டு கையும் ஒவ்வொரு பீஸுக்கும் பட்டனுக்குப் போய் வந்துகொண்டிருந்தால் டார்கெட் ஏறுமா? டேப்பை யார் ஒட்டியது என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

சிக்கிய பீஸை இடுக்கி எடுக்காமல் விரலாலேயே தட்டிவிடுகிற பையனுக்குத்தான் லைனில் மரியாதை. தில்லான ஆளு, துணிச்சல்காரன். புதுசாக வந்த டிரெய்னியிடம் அவனைக் காட்டி, "துணிந்தவனுக்குத் துக்கமில்லை, பாத்துக் கத்துக்கோ" என்பார் சூப்பர்வைசர்.

இன்னொருத்தன் இருக்கிறான். "அண்ணே, சென்சார் வேலை செய்யல. மெயின்டனன்ஸ்காரர் வந்து பாக்கட்டும், அப்புறம் ஓட்டறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன். அவனுக்கு என்ன பட்டம்? திமிர். கொழுப்பு. "நேத்து வந்த காண்ட்ராக்ட் பையன், தெனாவட்டப் பாத்தியா?" அடுத்த மாசம் அவனுக்கு வேலை இருக்காது. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். எங்கள் ஷிப்டில் அது கீழ்ப்படியாமைக் கணக்கில் வருகிறது.

விரலுக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 14 சதவீதம் போனதாக அர்த்தம். ஒரு கணு என்றால் 9. கட்டைவிரல் என்றால் 30. கணுக்கணுவாக அளந்து வைத்திருக்கிறார்கள். அவன் பேரில் ஒட்டிய 'ஓவர் கான்ஃபிடன்ஸ்' அடுத்த கம்பெனி வரைக்கும் கூடவே போகிறதே, அதற்கு எந்த அட்டவணையில் சதவீதம்? இத்தனைக்கும் மிஷினின் ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு வேண்டும், மிஷின் ஓடும்போது அது இருந்தே ஆக வேண்டும் என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொன்னது. அந்தப் பொறுப்பு ஓட்டுகிறவன் தலையில் இல்லை, ஓட்டவைக்கிறவர்கள் தலையில்.

மிஷினை விட்டு வெளியே வந்தாலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடம்பு கெட்டு, ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். "பொட்டப்புள்ளைங்களுக்கு என்ன தைரியம்!" என்றது டீக்கடை. அது பாராட்டா வசவா என்று சொன்னவருக்கே தெரிந்திருக்காது. அந்தத் தைரியத்துக்கு அப்புறம்தான் விடுதிகளின் லட்சணம் உலகத்துக்குத் தெரிந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கம் கேட்டு உட்கார்ந்தபோது அதே டீக்கடை பெஞ்சில், "வேலை கிடைச்ச திமிர்." வெயிலில் ஒரு மாசத்துக்கு மேல் சம்பளமில்லாமல் உட்கார்வதற்குப் பேர் திமிராம்!

எங்கள் பக்கத்து ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். ரகசிய மந்திரத்தை ஊரறியச் சொன்னதற்காக அவரைக் கடிந்துகொண்ட திருக்கோஷ்டியூர் நம்பியே, பிறகு மனசு மாறி 'எம்பெருமானார்' என்று அழைத்ததாகச் சொல்வார்கள். சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் மனசு அந்தக் குருவுக்கு இருந்தது. எங்கள் சூப்பர்வைசருக்கும் மனசு இல்லாமல் இல்லை. ஆனால் பீஸ் நேரத்துக்குப் போகாமல் பெரிய கம்பெனியின் லைன் நின்றுவிட்டால் பீஸ் செய்து கொடுக்கிற வெண்டார் தலையில் அபராதம் விழும். வெண்டார் மேனேஜரைக் கேட்பார், மேனேஜர் இவரைக் கேட்பார். கடைசியில் பேச ஆள் இல்லாமல் கட்டுப்போட்ட கையோடு படுத்திருக்கிறவன்மேல் போய் விழுகிறது வார்த்தை.

விபத்து அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் 'கவனக்குறைவு, அதீத நம்பிக்கை' என்று கிறுக்குவதற்கு முன்னால் மூன்று விஷயம் எழுதட்டும். சென்சாரை பைபாஸ் பண்ணியது யார்? என்றைக்கு? யார் சொல்லி? இதையெல்லாம் எழுதின பிறகும் கட்டத்தில் இடம் மிச்சமிருந்தால், பையனின் தெனாவட்டைப் பற்றித் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும்.