மலையக இரவுக் கடைகள்: எம்மை நம்பிச் சாப்பிடுவோருக்கு நாம் என்ன செய்கிறோம்?

தீபாவளி நெருங்குவதுதான் தொடக்கம். கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்து இளைஞர்கள் ஊர் திரும்பத் தொடங்கிவிட்டால் ஹட்டன் நகரம் இரவிலும் அடங்காது. டிசம்பரில் உந்துவப் போயாவுடன் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் ஆரம்பமாகி வெசாக் வரை நீடிக்கும். நள்ளிரவு ரயிலில் ஹட்டனில் இறங்குபவர்கள் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுவார்கள். ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்த காலம். அதிலிருந்து ஏழு மாதங்களும் மலையகத்தின் இரவுச் சாப்பாட்டுக் கடைகளுக்கு அறுவடைக் காலம்தான்.

கொத்து ரொட்டி, மரக்கறி ரொட்டி, வடை, அவித்த சோளம், இஞ்சி போட்ட பிளேன்டி என்று குளிருக்கு இதமான எல்லாமே அந்த வீதிகளில் கிடைக்கும். இந்தக் கடைகளில் கணிசமானவை எம்மவர்களுடையவை. ஆனால் அங்கே சாப்பிடுபவர்கள் யார்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். அடுத்தது சிங்களவர்கள். முஸ்லிம்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அதாவது, ஹட்டனில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஒருவர் தன் சமூகத்தை மட்டும் நம்பி ஒரு வாரம்கூடக் கடை நடத்த முடியாது. பிறர் அவரை நம்பிச் சாப்பிடுவதால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு எளிதாக உடையும் என்பதை நாம் ஒரு முறை பார்த்துவிட்டோம். 2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், உணவில் கருத்தடை மருந்து கலந்திருப்பதாக ஒரு கூட்டம் கூச்சலிட்டது. மிரட்டப்பட்ட கடைக்காரர் சிங்களம் சரியாக விளங்காத நிலையில் ‘ஆம்’ என்று சொன்னதை வீடியோ எடுத்து நாடு முழுவதும் பரப்பினார்கள். அன்றிரவே கடையும் அம்பாறைப் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஒரு வாரத்தில் திகன எரிந்தது. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமானது. கடைசியில் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது. அந்த ‘மருந்து’ வெறும் மாக்கட்டி. அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பின், முஸ்லிம் கடைகளில் சாப்பிட வேண்டாம் என்று மூத்த பௌத்த மதத் தலைவர் ஒருவரே பகிரங்கமாகச் சொன்னார்.

அவை அநியாயங்கள். அவற்றை அநியாயம் என்று சொல்வதில் எமக்குத் தயக்கம் தேவையில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் பரவிய இன்னொரு வீடியோவையும் நினைத்துப் பாருங்கள். கொழும்பு புதுக்கடையின் இரவு உணவு வீதியில் ஒரு வெளிநாட்டவரிடம் ஒரு கொத்துக்கு 1900 ரூபா விலை சொல்லி, அவர் கேள்வி கேட்டதும் அதட்டிய காட்சி அது. சம்பந்தப்பட்டவர் கைது செய்யப்பட்டார். ஒருவர் செய்ததற்கு அந்த வீதியே பெயர் கெட்டுப் போனது. அம்பாறை வீடியோ சொன்னது பொய். புதுக்கடை வீடியோ காட்டியது நடந்த சம்பவம். பொய்யை ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். நடந்த தவறை மறுக்க முடியாது, திருத்தத்தான் வேண்டும். இரண்டையும் ‘எமக்கு எதிரான சதி’ என்று ஒரே பையில் போட்டுக் கட்டினால், நாளை உண்மையிலேயே சதி நடக்கும்போது எம்மை நம்ப ஆள் இருக்காது.

மலையகத்து இரவுக் கடைகளில் திருத்த வேண்டியவை என்று மூன்று விடயங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ரொட்டிக் கல். பல கடைகளில் மாட்டிறைச்சிக் கொத்தும் மரக்கறிக் கொத்தும் ஒரே கல்லில், ஒரே தகட்டால் கொத்தப்படுகின்றன. வருகிறவர்களில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவர் இருக்கிறார், ஐயப்பனுக்கு மாலை போட்டவர் இருக்கிறார், மலை ஏறும்வரை மச்சம் தொடாத யாத்திரிகர் இருக்கிறார். அவர்கள் ‘மரக்கறிதானே?’ என்று கேட்கும்போது ‘ஓம்’ என்று சொல்லிவிட்டு அதே கல்லைத் துடைத்து ரொட்டியைப் போடுவது சரியா? 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராகப் பிரசாரம் எழுந்தபோது நாம் என்ன சொன்னோம்? ‘நாங்கள் சாப்பிடுவது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு’ என்றோம். அந்த ஆண்டு மார்ச்சில் உள்நாட்டுப் பொருட்களில் அந்த இலச்சினை நிறுத்தப்பட்டபோது எவ்வளவு வேதனைப்பட்டோம்! அதே உரிமை மரக்கறி கேட்பவருக்கும் உண்டு. எமக்கு ஹலால் எப்படியோ அவருக்கு விரதம் அப்படி. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, காய்ந்ததை மேலே காட்டிய வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் எம் பிள்ளைகளுக்கும் தெரியும். மறைத்து விற்பது யாருக்கு விற்றாலும் மோசடிதான். மரக்கறிக்கென்று தனிக் கல் வாங்குவது ஒரு முறைச் செலவு.

இரண்டாவது, விலை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. நால்வர் கொண்ட குடும்பம் சம்பளம் போட்ட மாலையில் டவுனுக்கு வந்து ஆளுக்கொரு கொத்து சாப்பிட்டால், கொழுந்து பறித்த ஒரு நாள் கூலி போதாது. 2022 நெருக்கடிக்குப் பின் மா, எரிவாயு, முட்டை எல்லாம் ஏறியது உண்மைதான். கடைக்காரரும் இலாபம் பார்க்காமல் வாழ முடியாது. ஆனால் விலைப்பட்டியலைத் தொங்கவிடாமல், ஆள் பார்த்து விலை சொல்வதற்கு அந்த நெருக்கடி காரணமல்ல. விலையைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுதி வைத்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, பேச்சு. சுற்றுலாப் பயணியை ‘சேர்’ என்று அழைத்து நாற்காலி இழுத்துப் போடும் அதே கடையில், அறுபது வயதுத் தோட்டத்து அம்மாவிடம் ‘என்ன வேணும், சீக்கிரம் சொல்லு’ என்கிறார்கள். எல்லாக் கடைகளிலும் அல்ல. ஆனால் இப்படி நடக்கும் கடைகளை நாம் எல்லோரும் அறிவோம். வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் எனக்கு ஒன்று தெரியும். தன் தாயை யார் ‘நீ’ என்று கூப்பிட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் மறப்பதே இல்லை. நாளை எம்மைப் பற்றி ஒரு வதந்தி வரும்போது, ‘இல்லை, அந்த நானா அப்படிப்பட்டவர் அல்ல’ என்று எழுந்து நின்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

இன்னொரு பழைய செய்தியும் இங்கே பொருந்தும். 1344 இல் இப்னு பதூதா பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பியபோது, யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும், உணவுப் பொருள் சுமக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பினார். அன்று எம்மவர் ஒருவர் பிறரின் உபசாரத்தில் அந்த மலை ஏறினார். இன்று மலை ஏறப் போகும் பிறர் எம் கடை வாசலில் பசியோடு நிற்கிறார்கள்.

பொறுப்பு முழுவதும் கடைக்காரர் தலையில் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்த உள்ளூராட்சி சபைகள் 2025 மே தேர்தலுக்குப் பின் மீண்டும் இயங்குகின்றன. ஹட்டன் - டிக்கோயா நகர சபையும் மஸ்கெலியா பிரதேச சபையும் நுவரெலியா மாநகர சபையும் இரவு வியாபாரத்திடம் கட்டணம் வாங்குவதோடு நின்றுவிடக் கூடாது. குழாய்த் தண்ணீர், மலசலகூடம், வெளிச்சம், குப்பை அகற்றல் ஆகிய நான்கும் இல்லாமல் சுகாதாரத்தை எதிர்பார்ப்பது வீண். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பகலுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் இரவிலும் வரட்டும். தண்டப்பணம் எழுதுவதற்கு முன் வழி காட்டட்டும். ஒழுங்காக நடக்கும் கடைக்காரருக்குப் பரிசோதனை அறிக்கையே பாதுகாப்பு. யாராவது மாக்கட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூச்சலிட்டால், கையில் காட்ட ஒரு தாள் இருக்கும்.

எங்கள் நகரங்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் தீபாவளிக்கு முன்பாகவே ஒரு நாள் கூடி, மரக்கறிக்குத் தனிக் கல், மும்மொழி விலைப்பலகை, ஊழியர்களுக்கு மருத்துவச் சான்றிதழ் என்ற மூன்றையும் தீர்மானிக்கலாம். சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கடந்த சில ஆண்டுகளாக நோன்பு மாதமும் யாத்திரைக் காலத்தோடு சேர்ந்தே வருகிறது, இம்முறையும் அப்படித்தான். தராவீஹ் முடித்து வந்து கடை திறக்கும் எம் சகோதரர், அந்த இரவில் தன்னிடம் சாப்பிட வரும் முன்பின் தெரியாத மனிதரின் நம்பிக்கையும் ஓர் அமானிதம் என்பதை நினைத்தால் போதும். மற்றவை, இன்ஷா அல்லாஹ், தானாக நடக்கும்.