குருப்பட்டமும் அரசிதழும்: சட்டத்துக்குக் கீழ்ப்படியும் தலித் போதகர் இழப்பது என்ன?

கோவை கணபதியில் ஃபவுண்டரிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் பின்னால் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபவீடாக மாறும் வீடுகள் உண்டு. அங்கே பிரசங்கிக்கும் போதகர் பல நேரங்களில் வார நாட்களில் பட்டறைத் தொழிலாளி. அல்லது தூய்மைப் பணியாளர் குடும்பத்தின் முதல் பட்டதாரி. நோயாளிக்காக ஜெபிப்பவரும், இறந்தவரை அடக்கம் செய்பவரும், தெருவின் பிள்ளைகளுக்குத் திருமணம் நடத்தி வைப்பவரும் அவரே. முதல் இரண்டையும் செய்ய அவருக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. மூன்றாவதற்கு மட்டும் அரசின் உரிமம் தேவை. இது மணமக்களுக்கும் தெரியாது. பெரும்பாலும் போதகருக்கும் தெரியாது.

தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். கணவர் இறந்து வாரிசுச் சான்றிதழுக்கு அலையும்போதோ, கைவிடப்பட்ட மனைவி ஜீவனாம்சம் கேட்டு நீதிமன்றம் ஏறும்போதோதான் அந்தத் திருமணச் சான்றிதழை எவரும் உற்றுப் பார்க்கிறார்கள். வழக்கறிஞர்களாகிய நம்மிடம் அந்தத் தாள் வந்து சேர்வதும் அப்போதுதான்.

குருப்பட்டம் பெறுவதும் திருமணம் நடத்துவதும் திருச்சபைகளின் உள்விவகாரம் என்று நம் இயக்கங்கள் இதுவரை ஒதுங்கியே இருந்துவிட்டன. இனி அவ்வாறு ஒதுங்க இயலாது. 2025இல் வெளிவந்த இரண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இதனைச் சாதிச் சான்றிதழோடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோடும் நேரடியாகப் பிணைத்துவிட்டன.

1872இன் சட்டம் யாரை நம்புகிறது?

இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் 1872இல் இயற்றப்பட்டது. மணமக்களில் ஒருவரோ இருவருமோ கிறிஸ்தவராக இருந்து கிறிஸ்தவ முறையில் மணம் செய்தால் இச்சட்டம் பொருந்தும். அத்திருமணத்தை நடத்தும் தகுதி உடையோரை 5ஆம் பிரிவு ஐந்து வகையாகப் பட்டியலிடுகிறது: பேராயரின் கைகளால் குருப்பட்டம் பெற்றவர், ஸ்காட்லாந்து திருச்சபையின் குரு, அரசு உரிமம் பெற்ற சமய ஊழியர், திருமணப் பதிவாளர், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கிடையிலான திருமணத்துக்குச் சான்றிதழ் வழங்க உரிமம் பெற்றவர்.

இந்தப் பட்டியலிலேயே ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்குத்தந்தையும் சி.எஸ்.ஐ. ஆயரும் முதல் வகையில் அடங்குவர். பேராயர் அபிஷேகம் செய்த அந்த நாளிலேயே, தம் திருச்சபையின் விதிகளின்படி மணம் நடத்தும் அதிகாரம் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. அரசிடம் எந்த உரிமமும் கேட்க வேண்டியதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளுக்கும் சுயாதீன சபைகளுக்கும் பெரும்பாலும் இத்தகைய பேராயர் மரபு இல்லை. ஆகவே அவற்றின் போதகர்கள் 6ஆம் பிரிவின்படியோ 9ஆம் பிரிவின்படியோ மாநில அரசிடம் உரிமம் பெற்றாக வேண்டும். அந்த உரிமம் அரசிதழில் வெளியாக வேண்டும். சேரிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வேரூன்றியிருப்பவை பெரிதும் இந்தச் சபைகளே. பேராயர் இல்லாத சபையின் ஏழைப் போதகருக்கே அரசு அலுவலகத்தின் படிக்கட்டு விதிக்கப்பட்டிருக்கிறது.

இணையத்தில் விண்ணப்பித்துப் பெறும் வெளிநாட்டுக் குருப்பட்டச் சான்றிதழ் இங்கே எவ்வகையிலும் உதவாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அத்தகைய பட்டத்தோடு திருமணம் நடத்தலாம். இந்தியாவில் அதனைச் சட்டம் நடத்திய தாளாகக்கூடக் கருதுவதில்லை. இறையியல் கல்லூரிப் பட்டமும் தனித்து நின்றால் அதிகாரம் தராது.

உரிமம் இல்லாமல் நடத்தினால் என்ன ஆகும்? 68ஆம் பிரிவு பத்தாண்டுவரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. மணமக்களுக்கு நேர்வது இன்னும் ஆழமானது. 5ஆம் பிரிவுக்கு மாறாக நடக்கும் திருமணம் செல்லாது என்கிறது 4ஆம் பிரிவு. அறிவிப்பில் பிழை, நேரத்திலும் இடத்திலும் பிழை, பதிவில் பிழை ஆகியவற்றை மன்னிக்கும் 77ஆம் பிரிவு, நடத்தியவரின் தகுதிக் குறைவை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்தோரைத் திருமணமானோராக நீதிமன்றங்கள் அனுமானிப்பது உண்டு. அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அந்த அனுமானத்துக்காக வழக்காட வேண்டியவர் எப்போதும் பெண்தான். செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் அளவுக்கு விரிந்த பாதுகாப்பு கிறிஸ்தவர்களுக்கான சட்டங்களில் இல்லை.

உரிமம் பெற்றால்?

அப்படியானால் போதகர்கள் அனைவரும் உரிமம் பெற்றுவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் தலித் போதகருக்கு மட்டும் உரிய பொறி காத்திருக்கிறது.

1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, அதன் 3ஆம் பத்தியில், மதத்தை அளவுகோலாக வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் உள்ளே சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். கொங்கு மண்டலத்து அருந்ததியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றதால் அவருடைய தெரு மாறுவதில்லை. தோட்டத்து வீட்டு வாசலில் அவர் நிற்கும் தூரமும் மாறுவதில்லை. அவருடைய சான்றிதழ் மட்டும் மாறுகிறது.

2025இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது ஒரு போதகர் தொடுத்த வன்கொடுமைப் புகார். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கினார்கள் என்பது அவர் முறையீடு. பல்லாண்டுகளாகப் போதகராகப் பணியாற்றும் ஒருவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார், கையில் சாதிச் சான்றிதழ் இருந்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது என்று கூறி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அடித்தவர்கள் பார்த்தது அவருடைய சாதியையா, வேதப்புத்தகத்தையா என்ற கேள்விக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று.

இந்தத் தர்க்கத்தைக் கணபதியின் ஜெபவீட்டில் பொருத்திப் பாருங்கள். உரிமம் இன்றி மணம் நடத்தும் தலித் போதகருக்குப் பத்தாண்டுச் சிறை என்ற அச்சம். சட்டத்தை மதித்து உரிமம் பெற்றால், அவர் கிறிஸ்தவச் சமய ஊழியர் என்பதை அரசே அரசிதழில் பெயரோடு அச்சிட்டுத் தருகிறது. நாளை அவர்மீது சாதி வன்கொடுமை நிகழ்ந்தால் எதிர்த்தரப்பு தேடிப் போக வேண்டிய ஆவணம் அதுவே.

மணமகளின் சான்றிதழ்

பொறி போதகரோடு நின்றுவிடவில்லை. அதே 2025இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கன்னியாகுமரி மாவட்டம் தேரூர் பேரூராட்சித் தலைவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பதவியில் வென்ற பெண் அவர். 2005இல் கிறிஸ்தவ முறையில் நடந்த அவருடைய திருமணத்தைக் கொண்டே, அவர் இந்துவாக நீடிக்கவில்லை என்று கருதித் தனி நீதிபதி தகுதியிழப்புக்கு உத்தரவிட்டார்.

இதனை நாம் சட்டத்தின் சொற்களைக் கொண்டே மறுக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் இச்சட்டப்படி மணக்கலாம் என்று 4ஆம் பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. மற்றவர் மதம் மாறியாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. இதே சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் வேறு விதமாகவும் பேசியிருக்கிறது. கிறிஸ்தவரை மணந்தார், மருத்துவமனைச் சுவரில் சிலுவை இருந்தது என்ற காரணங்களால் இராமநாதபுரம் மாவட்ட மருத்துவர் ஒருவரின் சாதிச் சான்றிதழ் ரத்து செய்யப்பட்டபோது, அந்த ரத்து செல்லாது என்று தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் வேறு, மதமாற்றம் வேறு என்பதே அத்தீர்ப்பிலிருந்து நாம் பெறும் பாடம். தேரூர் வழக்கில் அந்த வேறுபாடு கரைந்துவிட்டது.

குரு தேவையில்லாத திருமணம்

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு விடை கண்டிருக்கிறது. அது பாதிப் பேருக்கு மட்டும் கிடைத்திருக்கிறது. 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டமாக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்று, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். புரோகிதர் வேண்டாம், உரிமமும் வேண்டாம். இளவரசன் வழக்கில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இத்திருமணத்துக்குப் பொது அறிவிப்போ ஊர்கூடிய விழாவோ கட்டாயமில்லை என்றும், வழக்கறிஞர்கூட நண்பர் என்ற முறையில் முன்னிலை வகிக்கலாம் என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால் 7அ இரு இந்துக்களுக்கு மட்டுமே உரியது. புரோகிதரிடமிருந்து இந்து மணமக்களை விடுவித்த மாநிலத்தில், கிறிஸ்தவ மணமக்கள் மட்டும் பேராயரின் கையையோ அரசின் உரிமத்தையோ நம்பி நிற்கிறார்கள்.

எஞ்சியிருப்பது 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் மதம் மாறவும் வேண்டாம், சமயச் சடங்கும் வேண்டாம். ஆனால் 30 நாள் அறிவிப்பு அலுவலகப் பலகையில் தொங்க வேண்டும். உடுமலையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டப்பட்ட 2016ஐக் கண்ட கொங்கு மண்ணில், சாதி மறுத்து மணப்போருக்கு அந்தப் பலகை என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஜெபவீட்டில் மணம் பேசுவோர் போதகரிடம் உரிமம் வெளியான அரசிதழின் நாளையும் எண்ணையும் கேட்டுப் பெற வேண்டும். இது அவமதிப்பு ஆகாது, அவரையும் காக்கும். 9ஆம் பிரிவு உரிமம் இருவரும் கிறிஸ்தவராக இருக்கும் மணத்துக்கு மட்டுமே செல்லும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, உரிமமற்றவர் நடத்திய மணத்தில் ஏற்கெனவே வாழ்வோர், 21 வயது நிறைந்திருந்தால் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்கீழ் அதனைப் பதிவு செய்யலாம். அதற்கும் அறிவிப்பு உண்டு. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009இன்படி பெறும் பதிவு மட்டும் செல்லாத மணத்தைச் செல்லத்தக்கதாக மாற்றிவிடாது.

மூன்றாவதாக, உரிமம் பெற்றோரின் முழுப் பட்டியலைப் பதிவுத்துறை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ‘எந்தக் கிறிஸ்தவருக்கும்’ உரிமம் வழங்கலாம் என்கிறது 9ஆம் பிரிவு. குருப்பட்டத்தைக் கூட அது கேட்கவில்லை. அந்த வாசல் உபதேசியார்களுக்கும் பெண்களுக்கும் திறக்கப்பட வேண்டும். 7அ போன்றதொரு ஏற்பாட்டை எல்லா மதத்தினருக்கும் விரிக்குமாறும் நாம் கோர வேண்டும்.

இவை அனைத்தும் தற்காலிகத் தடுப்புகளே. வேர் 1950 ஆணையின் 3ஆம் பத்தியில் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரித் தமிழ்நாடு சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. இதனை ஆராய 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தது. தீர்மானங்களும் ஆணையங்களும் நம் மணமக்களைக் காக்கவில்லை. அந்தப் பத்தி நீக்கப்படும் வரை, கணபதியில் ஒரு போதகர் திருமணச் சான்றிதழில் கையெழுத்திடும் ஒவ்வொரு முறையும், ஒரு குடும்பத்தின் உரிமை எந்தப் பக்கம் சாயும் என்ற கேள்வியும் அந்தத் தாளில் பதிந்தே இருக்கும்.