பாயாசி கேட்ட கேள்வி

மறுபிறவி உண்டா இல்லையா என்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் விடிய விடியச் சண்டை போடும் நண்பர்களே! இந்தச் சண்டை நம்ம செட்டில் ஆரம்பித்ததல்ல. பாலி மொழியிலுள்ள தீக நிகாயத்தின் 23-வது சூத்திரம் முழுக்க இதுதான்.

சேதவ்யா என்ற ஊரை ஆண்ட பாயாசி, மேலுலகமும் இல்லை, வினைப்பயனும் இல்லை என்று அடித்துப் பேசியவன். வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. மரண தண்டனைக் கைதியை உயிரோடு பானையில் அடைத்து, வாயைத் தோலும் களிமண்ணும் கொண்டு மூடி, அடுப்பில் ஏற்றினான். செத்ததும் மெல்லத் திறந்து பார்த்தான். உயிர் வெளியேறுவது தெரியவில்லை. இன்னொருவனைச் சாகுமுன்பும் செத்த பின்பும் தராசில் நிறுத்தான். செத்த பின்தான் கனம் அதிகமாம்! (செய்தது படுகொலை. கேள்வி மட்டும் நல்ல கேள்வி.)

குமார காசியபர் என்ற துறவி பதில் சொன்னார். காய்ச்சிய இரும்புக் குண்டு லேசாகும், ஆறினால் கனக்கும், உயிருள்ள உடம்பும் அப்படித்தான் என்றார். நம்ம முதலாமாண்டு மெக்கானிக்கல் பையனே சிரிப்பான். காய்ச்சினால் இரும்பு விரியும், எடை எங்கே குறையும்? நிலையான ஆன்மா கிடையாது என்பதே பவுத்தம். 'வெளியே போவதற்கு அப்படி ஒரு பொருளே இல்லையப்பா' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாமே, ஏன் சுற்றி வளைத்தார்?

அவரே சொன்ன அரணிக்கட்டை உவமை பரவாயில்லை. தீயைத் தேடிக் கட்டையைச் சுக்குநூறாக வெட்டினான் ஒரு சிறுவன். கடைந்தால்தானே தீ வரும்? தேடும் முறையே தப்பு என்பது நியாயமான வாதம்தான்.

நம்ம மணிமேகலை 27-வது காதையிலும் வஞ்சி நகரத்துப் பூதவாதி வருகிறான். கண்ணால் காண்பதை மட்டுமே நம்புவேன் என்கிறான். உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள் மணிமேகலை. சரியான அடி! ஆனால் அனுமானம் தேவை என்பதுதான் இதில் தேறுகிறது, முற்பிறவி தேறவில்லை. எலெக்ட்ரானையும் நாம் கண்ணால் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் கணக்கு இருக்கிறது, சோதனை இருக்கிறது.

எனக்குப் பிடித்த பதில் கேசபுத்தத்துக் காலாமர்களுக்குப் புத்தர் சொன்னது. மறுமை இருந்தால் நல்லவனுக்கு நல்லது. இல்லாவிட்டாலும் பகையில்லாமல் இங்கேயே நிம்மதியாக வாழ்ந்தான் அல்லவா? மறுபிறவியை நிரூபிக்காமலே நிற்கும் பதில் இது ஒன்றுதான்.

பாயாசி கடைசியில் மனம் மாறினானாம். முதல் உவமையிலேயே திருப்தி, மேலும் கேட்கும் ஆசையில்தான் எதிர்த்துப் பேசினேன் என்றானாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தராசுக் கேள்வி அப்படியே நிற்கிறதே!