நூற்றில் ஐந்து யாருக்கு?

மாதக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டி, "தீர்ந்துவிட்டது" என்று வீட்டில் அறிவிக்கிறீர்கள். உண்மையாகவே தீர்ந்துவிட்டதா? திடீரென்று வந்து நிற்கும் விருந்தாளிக்காக இரண்டு படி தனியே ஒதுக்கி வைத்திருப்பீர்கள், இல்லையா? இந்தக் கெட்டிக்காரத்தனம் கம்ப்யூட்டருக்கும் உண்டு, சகோதரிகளே!

2011 முதல் தமிழக அரசு மாணவ மாணவியருக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். லினக்ஸில் பெரிதும் வழங்கும் 'எக்ஸ்ட்-4' முறைப்படி ஒரு டிஸ்க்கைத் தயார் செய்தால், வழக்கமாக நூற்றில் 5 பங்கு இடம் 'ரூட்' என்னும் நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டுவிடும். மற்ற இடம் நிரம்பியதும், குழந்தையின் ஆண்டு நிறைவுப் படங்களைச் சேர்க்கப் போனால், "இடமில்லை" என்று கையை விரித்துவிடும்!

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? குன்றத்தூர் வாசகியருக்கு, அடுத்திருக்கும் செம்பரம்பாக்கம் ஏரியைச் சொன்னாலே போதும். அதன் முழு உயரம் 24 அடி. ஆனாலும் மழைக்காலத்தில் விளிம்பு வரை தளும்ப விடாமல், கொஞ்சம் இடம் விட்டே தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்தக் காலி இடத்தின் அருமை தெரியும். டிஸ்க்கிலும் அப்படித்தான். நாம் நிரப்பிவிட்ட பிறகும் யந்திரம் தன் அன்றாடக் குறிப்புகளை எழுதியாக வேண்டும். கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறாமலிருக்கவும் கொஞ்சம் காலி இடம் வேண்டும்.

ஆனால் இதன் மூதாதையான 'எக்ஸ்ட்-2' பிறந்த 1993-இல் டிஸ்க்குகள் சிறியவை. 200 மெகாபைட்டில் 5 பங்கு 10 மெகாபைட்தான். இன்று 1,000 ஜிகாபைட் டிஸ்க்கில் அதே பங்கு 50 ஜிகாபைட் அல்லவா?

இதைக் குறைக்க 'டியூன்-டூ-எஃப்எஸ்' என்றொரு கருவி இருக்கிறது. இதில் பொத்தானும் கிடையாது, படமும் கிடையாது. கறுப்புத் திரையில் நிர்வாகி உரிமையோடு கட்டளையைத் தட்டச்சுச் செய்ய வேண்டும். டிஸ்க்கின் பெயரோடு 'மைனஸ் எல்' என்று கொடுத்தால் இப்போதைய கணக்கை மட்டும் காட்டும், எதையும் மாற்றாது. முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். பிறகு 'மைனஸ் எம் 1' என்றால் 5 பங்கு 1 பங்காகும். 40 ஜிகாபைட் உங்கள் கைக்கு வரும். டிஸ்க்கை அழித்துத் தயார் செய்ய வேண்டியதில்லை. படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆனாலும் முக்கியமான படங்களுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். டிஸ்க்கின் பெயரை இரண்டு முறை சரிபாருங்கள்; ஓர் எழுத்து மாறினால் வேறொரு டிஸ்க்கின் கணக்கு மாறிவிடும். விண்டோஸ் பகுதியிடம் இந்தக் கருவியின் ஜம்பம் சாயாது.

"ஒரேயடியாகப் பூஜ்யமாக்கிவிட்டால் என்ன, அம்மா?" என்று ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளை கேட்கக்கூடும். படங்கள் மட்டும் உள்ள டிஸ்க்கானால் அவன் இஷ்டம். யந்திரத்தையே இயக்கும் டிஸ்க்கானால், "அந்த ஐந்தில் கை வைக்காதே, கண்ணா!" என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.